உங்களுக்காகப் போட்ட ஒரு ‘ன்’

தலைவரே,

நேற்று நெல் கொள்முதல் நிலையத்தில் உங்கள் முகத்தை மூட்டைகளின் மேல் விரித்துப் போட்டிருந்தார்கள். ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. தூற்றும் இயந்திரத்தின் மோட்டார் புகைந்துவிட்டது என்று கூப்பிட்டதால் போயிருந்தேன். நனைந்த சாக்கும் முளைவிடத் தொடங்கிய நெல்லும் சேர்ந்து அடிக்கும் அந்தப் புளித்த வாடை உங்களுக்குத் தெரியும். மோட்டாரைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் நீங்கள். உங்களுடைய கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ். காரியம் முடிந்ததும் அதை யார் சுருட்டி எடுத்துப் போனார்களோ, எத்தனை கை மாறியதோ, இப்போது யாரோ ஒருவருடைய குறுவை நெல்லை நனையாமல் காத்துக்கொண்டிருக்கிறீர்கள். வெயிலில் கிடந்து மீசை நீலம் பூத்துவிட்டது. காற்றில் பறக்காமலிருக்க உங்கள் தோளில் ஒரு பழைய டயரை வைத்திருந்தார்கள்.

படத்துக்குக் கீழே இருந்த வரி மட்டும் மங்கவில்லை. கறுப்பு மை.

‘ஆண்டேன் நின்னேன் அடமழையில.’

அந்த வரியில் ஒரே ஒரு எழுத்து நான் போட்டது. முதல் சொல்லின் கடைசியில் நிற்கும் ‘ன்’. அதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. பேசாமல் போய்விட்டீர்கள் என்று நான் குறைப்பட்டால், பேச வந்தவனை விரட்டியது யார் என்று கேட்பீர்கள். கேளுங்கள். எனக்கும் பதில் இருக்கிறது.

நான் மூன்றாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவன். எழுத்தைப் பிடித்தது சினிமாக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில். பாட்டு காதில் மனப்பாடமாக இருக்கும். அச்சில் அது எப்படிக் கிடக்கிறது என்று விரலை வைத்துத் தேடித் தேடி, இந்தச் சத்தத்துக்கு இந்த எழுத்து என்று நானே கண்டுபிடித்துக்கொண்டேன். பிறகு மோட்டார் காயில் கட்டும் தொழிலையும் அப்படித்தான் கற்றேன், எரிந்த காயிலைப் பிரித்துப் பார்த்து. எனக்கு வாத்தியார் என்று யாரும் இல்லை. அதனால் ஒரு பாட்டில் ஓர் எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதில் யாருக்கும் விட்டுக்கொடுக்கிற பழக்கமும் எனக்கில்லை. அதிலும் இது என் அம்மாவின் பாட்டு. அதை நான் எழுதுகிறபடி இங்கே எழுதுகிறேன்.

ஆண்டே நின்னேன் அடமழையில
அளந்து போட ஆளுமில்ல
பூட்டி வச்ச பத்தாயத்துல
பூனை போட்ட குட்டி நாலு

ஏறிப் போன வில்லுவண்டி
எறங்கி வர வழியுமில்ல
சொன்ன சொல்லு நெஞ்சுக்குள்ள
சூளைக் கல்லாக் கெடக்குதடி

‘ஆண்டே’ என்பது பண்ணை ஆட்கள் முதலாளியைக் கூப்பிட்ட சொல். இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். என் அப்பா உங்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டார். உங்களையும், நீங்கள் மீசை முளைக்காத வயதில் இருந்தபோதே, அப்படித்தான் கூப்பிட்டார். அந்தச் சொல் என் வாயில் ஒருநாளும் வராது என்று நான் சபதம் எடுத்திருந்தேன். உங்களைத் ‘தலைவரே’ என்று கூப்பிட்டது அதனால்தான். ஊராட்சித் தலைவர் என்பது எங்கள் தெருவும் சேர்ந்து ஓட்டுப் போட்டுக் கொடுத்த பட்டம். பிறக்கும்போதே நீங்கள் கொண்டுவந்தது இல்லை. என் நாக்குக்கு அது சம்மதமாக இருந்தது.

பாட்டு எப்படிப் பிறந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் கல்லூரி முடித்து வந்த புதிது. வீட்டுச் சாவிக்கொத்து உங்கள் இடுப்புக்கு வந்திருந்தது. கூலி நெல் வாங்க வந்த நடவு ஆட்களிடம், “மழையில பத்தாயத்தைத் தொறக்க முடியாது, நில்லுங்கடி” என்றீர்கள். வண்டிக் கொட்டகை காலியாகத்தான் கிடந்தது. அதற்குள் ஒதுங்கச் சொல்லவில்லை. சாப்பிட்டீர்கள். சாவியோடு படுத்துத் தூங்கிவிட்டீர்கள். மழை விடவில்லை. நீங்களும் எழுந்திருக்கவில்லை. “சாவி தூங்குது, நாங்க நிக்கிறோம்” என்று அம்மா அந்த நாளைப் பற்றிச் சொல்வாள். வேறு எதுவும் சொல்லமாட்டாள். அடுத்த நடவில் பாட்டு வந்துவிட்டது. அவள் எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். உங்கள் வயலில், உங்கள் முன்னாலேயே.

அந்தப் பாட்டு உங்களுக்கும் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது நீங்கள் தேர்தலில் தோற்ற பிறகுதான். எங்கள் தெருப் பெண், உங்கள் வயலில் நாற்றுப் பறித்தவள், உங்களைத் தோற்கடித்தாள். அதற்கு முன்பே நிலம் துண்டு துண்டாகப் போயிருந்தது, கொஞ்சம் பங்காளி வழக்கில், கொஞ்சம் பிள்ளைகள் படிப்பில். பதவியும் போன மறுவாரம் கூத்தாநல்லூர் சாலையில் இருந்த என் கடைக்கு வந்தீர்கள். அதுவரை ஆள்விட்டுத்தான் மோட்டார் அனுப்புவீர்கள். “உக்காரலாங்களா?” என்று கேட்டீர்கள். அன்றைக்குத்தான் உங்கள் வாயில் எனக்காக ஒரு ‘ங்க’ முளைத்தது. மரியாதை என்று சந்தோஷப்படவில்லை நான். பதவி இருக்கும்போது கொடுத்திருந்தால் அது மரியாதை.

ஆனாலும் உட்காரச் சொன்னேன். பிறகு தினமும் சாயங்காலம் வந்தீர்கள். பக்கத்து டீக்கடை பாய் கேட்காமலே இரண்டு டீ அனுப்புவார். ஒருநாள் நான் காயில் சுற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அந்த மெட்டை முணுமுணுத்தீர்கள். என் கை நின்றுவிட்டது.

“இந்தப் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும் தலைவரே?”

“வரப்புல நின்னு கேட்டதுதான். என்னய்யா பாடுறாளுங்கன்னு காரியக்காரரைக் கேட்டேன். ராசா பாட்டுங்க, ராச்சியத்தை எழந்துட்டு ஒரு ராசா பொலம்புறாருங்கன்னாரு. அப்பல்லாம் மண்டையில ஏறல. இப்பதான் ஏறுது. நேத்து ஆண்டேன், இன்னிக்கி நின்னேன். ரெண்டே வார்த்தை. ஒரு மனுசன் ஏறுனதையும் எறங்குனதையும் சொல்லி முடிச்சிட்டாங்க பாருங்க.”

“அது ராசா பாட்டு இல்ல. ஆண்டேனும் இல்ல. ஆண்டே. எங்கம்மா உங்களைக் கூப்புட்டுச் சொல்லுது, உங்க வாசல்ல மழையில நின்னேன்னு.”

நீங்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டீர்கள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. “அடுத்த எழுத்தும் ந-தானே. அந்த ன் உள்ள போயிருக்கும்” என்றீர்கள். அங்கே ஆரம்பித்தது.

எத்தனை சாயங்காலம் அந்த ஓர் எழுத்துக்காக நாம் அடித்துக்கொண்டோம்! நான் கேட்டேன், “கெடக்குதடின்னு முடியுதே, ராசா எவகிட்ட ‘அடி’ போட்டுப் பொலம்புறாரு?” நீங்கள் உடனே, “பொண்டாட்டிகிட்டதான். ராச்சியம் போனப்புறம் வேற யாரு கேப்பா?” என்றீர்கள். டீக்கடை பாய் விழுந்து விழுந்து சிரித்தார். “ன் போட்டா பாட்டு அவருக்கு, போடாட்டி உங்களுக்கு. ஆளுக்குப் பாதியாப் போட்டுக்குங்க, டீ ஆறுது” என்பார். ‘ராசா பாட்டு’ என்று உங்கள் பண்ணையை மேற்பார்த்த காரியக்காரரிடம் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். பாடியவர்களேதான். உங்கள் காதுக்கு ஒரு ‘ன்’, அவர்கள் காதுக்கு ‘ன்’ இல்லை. பயத்தில் போட்ட எழுத்தை நீங்கள் பாட்டின் பொருள் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள் என்றேன். அது நல்ல வாதம். இன்றும் சொல்வேன், நல்ல வாதம்.

பத்தாயத்தைப் பழைய மரச்சாமான் வியாபாரிக்கு விற்ற அன்று கடைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தீர்கள். “உங்கம்மா சொன்னது பலிச்சிட்டு. உள்ள பூனை குட்டி போட்டிருக்கு. ஆனா மூணுதான், நாலு இல்ல.”

“நாலாவது எங்கயாச்சும் போயிருக்கும். நல்லாத் தேடிப் பாருங்க.”

இரண்டு பேரும் சிரித்தோம். நம் வழக்கில் நாம் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான். சிரித்து முடித்த பிறகு நீங்கள் சொன்னதுதான் இன்றுவரை என்னைக் குடைகிறது.

“அம்மா பாடுனப்ப எங்க பத்தாயம் ரொம்பித்தானே இருந்துச்சு? வில்லுவண்டி ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு? இல்லாத ஒண்ணை எப்படிப் பாடுனாங்க? நடக்கப் போறதைப் பாடியிருக்காங்க. நிக்க வச்சவன் ஒருநாள் நிப்பான்னு பாடியிருக்காங்க. அப்ப ‘நின்னேன்’னு சொல்றது நான்தான். என் வாயால என்னைச் சொல்ல வச்சிருக்காங்க உங்கம்மா. சொன்ன சொல்லு நெஞ்சுக்குள்ள சூளைக் கல்லாக் கெடக்குதுன்னா, அது யாரு நெஞ்சு? சொன்னவன் நெஞ்சுதான்.”

 வாடிக்கையாளர் அவசரம் என்று சொல்லி ஒரு மோட்டாரை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அப்படி அவசரமான மோட்டார் எதுவும் இல்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அதை அப்படியே விட்டிருக்கலாம் நீங்கள். விடவில்லை. மறுநாளும் வந்தீர்கள். அந்தப் பாட்டைத் தனியாக இருக்கும்போது பாடிக்கொள்வதாகச் சொன்னீர்கள். பாடினால் நெஞ்சு லேசாகிறது என்றீர்கள். “இது என் பாட்டுங்க. எனக்காகவே பாடி வச்சிருக்காங்க” என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. என் அம்மா நின்ற மழை எனக்கு ஞாபகம் வந்தது. நெஞ்சு லேசாகிறதாம்!

“நெலம் உங்களுதா இருந்துச்சு. தண்ணி உங்களுதா இருந்துச்சு. நாங்க குடியிருந்த மனைக்கட்டு உங்களுது. இப்ப வருத்தமும் உங்களுக்கேவா தலைவரே? அதையாச்சும் எங்களுக்கு விடுங்க” என்றேன்.

பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். நீங்கள் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “எங்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதாங்க” என்று சொல்லிவிட்டுச் சாலையைத் தாண்டிப் போனீர்கள். அதன் பிறகு வரவில்லை.

நான் சொன்னது தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை. நீங்கள் வருத்தப்பட்டீர்கள், சரி. யாரிடம் சொன்னீர்கள்? பாட்டிடம் சொன்னீர்கள். அத்தனை சாயங்காலம் என் எதிரில் உட்கார்ந்து, ராசா என்றீர்கள், ராச்சியம் என்றீர்கள், எழுத்து என்றீர்கள். ‘அன்னிக்கி உங்கம்மாவை நிக்க வச்சது தப்பு’ என்று ஒரு வார்த்தை, ராசாவை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, நேரே என்னிடம் சொல்லியிருக்கலாம். அம்மா இருந்தவரை அவளிடம் சொல்லியிருக்கலாம். எங்கள் தெரு ஒன்றும் தூரமில்லை.

ஆஸ்பத்திரியில் உங்கள் காலை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று பாய்தான் சொன்னார். “ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன். பொழுது போகாம கெடக்காரு மனுசன்.” நான் போகவில்லை. நீங்கள் வரச் சொல்லவில்லை. என் கடையில் அவ்வளவு டீ குடித்தவர், ஒருநாளும் ‘வீட்டுக்கு வாங்க’ என்று சொன்னதில்லை. கூப்பிடாமல் அந்த வாசலில் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் அங்கே நின்றது போதும். பாயிடம் இதைச் சொன்னேன். அவர் கிளாஸைக் கழுவினார். ஆனாலும் கடை வழியாகப் போகிற ஒவ்வொரு ஆட்டோவையும், நீங்கள் அதில் வருகிறீர்களா என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இதை உயிரோடு இருந்த உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

பிறகு ஒருநாள் காலையில் உங்கள் மகன் போன் செய்தார். பிளெக்ஸ் கடையில் நின்று பேசினார். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

“அங்கிள், அப்பா காலமாயிட்டாங்க. ஃபோட்டோவுக்குக் கீழ ஒரு வரி போடணும்னு சொல்லியிருந்தாங்க. ஆண்டே நின்னேன் அடமழையிலன்னு. அதுல ன் வருமா வராதா? உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க.”

“அப்பா என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு தம்பி.”

“‘அவங்க என்ன சொல்றாங்களோ அப்படியே போடு’ன்னாங்க.”

“அவனா, அவங்களா?”

“என்ன அங்கிள்?”

“என்னைப் பத்திச் சொல்றப்ப அவன்னாரா, அவங்கன்னாரா? சரியா ஞாபகப்படுத்திச் சொல்லு.”

“அவங்கன்னுதான் அங்கிள் சொன்னாங்க. எப்பவுமே அப்படித்தான்.”

நான் இல்லாத இடத்தில், உங்கள் படுக்கையில், சொந்த மகனிடம். அந்த ‘ங்க’வுக்குப் பதவியும் காரணமில்லை, தோல்வியும் காரணமில்லை. எனக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. பின்னாலிருந்து கடைக்காரர் கத்தினார்: “சார், சீக்கிரம் கேட்டுச் சொல்லுங்க, கரன்ட் போயிடப் போவுது!”

என் வாயில் ‘ன் கிடையாது’ என்பது தயாராக இருந்தது. எத்தனை வருஷ வழக்கு! தீர்ப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அந்தப் பிளெக்ஸ் என் கண்ணுக்குத் தெரிந்தது. உங்கள் முகம். அதற்குக் கீழே, ‘ஆண்டே.’ கடைத்தெருவில், ஊர் முழுக்கப் பார்க்க, எங்கள் தெரு உங்களைக் கடைசியாக ஒருமுறை அப்படிக் கூப்பிட்ட மாதிரி. என் அம்மாவின் வரி, நான் சொன்ன எழுத்து, நான் சொல்லவே மாட்டேன் என்று இருந்த சொல். இதைத் தெரிந்துதான் என்னிடம் கேட்கச் சொன்னீர்களா தலைவரே? அல்லது, நிஜமாகவே விட்டுக்கொடுத்தீர்களா? இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள எனக்கு இனி வழியில்லை.

“ன் போடுங்க” என்றேன்.

நீங்கள் ஜெயித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களை அந்தச் சொல்லால் கூப்பிட முடியாமல்தான் போட்டேன். இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் எங்கள் முகம் பார்த்துச் சொல்லாததை, அந்த ‘ன்’ உங்கள் வாயால் சொல்ல வைத்தது. ஆண்டேன், நின்னேன் என்று உங்கள் படம் ஊருக்கே சொன்னது. சாயங்காலம் எங்கள் தெருப் பெண்கள் துக்கத்துக்கு வந்தபோது, ஒருத்தி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இது நம்ம நடவுப் பாட்டுல்ல? தலைவரு எப்ப வயல்ல எறங்குனாரு?” என்று கேட்டாள். மற்றவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களை எடுத்துக்கொண்டு போகும்வரை அங்கே இருந்தேன். உள்ளே வரச் சொல்லி உங்கள் மகன் கையைப் பிடித்து இழுத்தார். போகவில்லை, வேலி ஓரமாகவே இருந்தேன். கூப்பிட வேண்டியவர் அவர் இல்லை.

எனக்கு வருத்தம் உங்களைப் பற்றி மட்டும் இல்லை. அம்மா எங்களோடு வெகுகாலம் இருந்தாள், நாம் அடித்துக்கொண்ட அந்தச் சாயங்காலங்களிலும். கடைசி வருஷங்களில் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: ‘நீ பாடுனது ஆண்டேனா, ஆண்டேயா?’ கேட்கவே இல்லை. எனக்குத்தான் தெரியுமே, எதற்குக் கேட்பது என்று இருந்துவிட்டேன். நீங்களும் கேட்கவில்லை, கேட்டால் அந்த நாளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். ஓர் எழுத்துக்காக அவ்வளவு அடித்துக்கொண்ட நாம் இரண்டு பேரும், பாடியவளிடம் போகவில்லை.

இப்போது மோட்டார்கள் குறைந்துவிட்டன. வேலை இல்லாத நேரத்தில் கண்ணை மூடி அவள் குரலை எடுத்துப் பார்க்கிறேன். வரிசையாகக் குனிந்து நிற்கிறார்கள். அவள் எடுத்துக் கொடுக்கிறாள். ‘ஆண்டே’ என்று இழுக்கிறாள். நான் காதைத் தீட்டிக்கொள்கிறேன். அடுத்த எழுத்துக்கு அவள் வாய் மூடுகிறதா, திறந்தே இருக்கிறதா என்று தெரிவதற்குள் மற்ற எல்லோரும் பாட்டை வாங்கிக்கொண்டுவிடுகிறார்கள்.